அத்தியாயம் 6: போத்தனூர் வாசலிலிருந்து பெர்த் வாசல் வரை

"சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரந்தானுங்களே? ரயில்ல மெட்ராஸ் போறதை விடக் கம்மி!"

போத்தனூர் ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில் இப்படி ஒருவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாலரை மணி நேரத்தை நம்பி மறுமுனையில் உள்ள மகனிடம் "ராத்திரி பத்தரைக்குக் கிளம்பறேன், மூணு மணிக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டால், மகன் விமான நிலையத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விமானம் இறங்கும்போது சிங்கப்பூர் கடிகாரத்தில் காலை ஐந்தரை.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்றைக்கும் மாறாது. பயண நேரம் அப்படியல்ல, பல துண்டுகளைச் சேர்த்துக் கூட்ட வேண்டியது. அந்தக் கூட்டலை ஒரு தாளில் நீங்களே போட்டுக்கொள்ள இந்த அத்தியாயம் கற்றுத்தரும். வாய்ப்பாடு தெரிந்தால் போதும், கால்குலேட்டர் இருந்தால் இன்னும் சுலபம்.

1. மூன்று தூரங்கள்

முதலில் வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். போத்தனூர் ஜங்ஷனிலிருந்து பீளமேடு விமான நிலையத்துக்குக் காக்கை பறந்தால் சுமார் 10 கி.மீ. வெள்ளலூர், சிங்காநல்லூர், ஹோப் காலேஜ் வழியாகக் கார் போனால் 14, 15 கி.மீ. காலை எட்டரை மணிக்குச் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றால் அதே 15 கி.மீ. ஒரு மணி நேரத்தையும் தாண்டும்.

காக்கை பறப்பது நேர்தூரம், கார் ஓடுவது பாதைத் தூரம், நம் பொழுதைத் தின்பது பயண நேரம். 15 கி.மீ.க்குச் சொன்ன இந்த மூன்றும் 15,000 கி.மீ.க்கும் அப்படியே பொருந்தும். இணையத்தில் "இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரம்" என்று தேடினால் கிடைப்பது முதலாவது மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. சில தளங்கள் கி.மீ. காட்டும், சில மைல் காட்டும், விமானத் துறைத் தளங்கள் கடல் மைல் காட்டும். 1 மைல் என்பது 1.609 கி.மீ. 1 கடல் மைல் என்பது 1.852 கி.மீ. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,160 என்று ஒரு தளமும் 1,700 என்று இன்னொரு தளமும் காட்டினால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றுதான், அலகுதான் வேறு.

2. உருண்டையும் நூலும்

நூலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. ஒரு முழம் நூலையும் பிள்ளைகளின் பூகோள உருண்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைக் கோவை மேலும் மறுமுனையைப் போக வேண்டிய ஊர் மேலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் படியும் பாதைதான் பூமியில் மிகக் குறுகிய வழி. உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆகவே நூலில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ.

தட்டை வரைபடம் சொல்லாத சேதிகளை இந்த நூல் சொல்லும். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பிடித்துப் பாருங்கள். வரைபடத்தில் பசிபிக் கடலைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும் என்று தோன்றும். நூலோ வடக்கே ஏறி, கிழக்கு சைபீரியாவையும் அலாஸ்காவையும் தொட்டுக்கொண்டு இறங்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே விமானத்தை ஓட்டி வந்தது. சுமார் 14,000 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம்.

டெல்லிக்கும் பிடித்துப் பாருங்கள். நூல் இம்மியும் சாயாமல் நேர் வடக்கே போகும். கோவை விமான நிலையமும் டெல்லி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77 பாகையில் இருக்கின்றன. இரண்டின் அட்சரேகை வித்தியாசம் பதினேழரை பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 1,950 கி.மீ. வந்துவிடும். இந்த ஒரு தூரத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

3. எண்ணூறால் வகு, அரை மணி கூட்டு

ஜெட் விமானம் மேலே ஏறியபின் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் டிக்கெட்டில் போடும் நேரம் வாயிலை விட்டு நகர்வது முதல் மறு வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். எனவே நேர்தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். டிக்கெட்டில் உள்ளதற்கு மிக அருகில் விடை வரும்.

- கோவை – சென்னை: சுமார் 400 கி.மீ.; 1 மணி
- கோவை – டெல்லி: 1,950 கி.மீ.; 3 மணிக்குச் சற்றுக் குறைவு
- கோவை – ஷார்ஜா: 2,770 கி.மீ.; 4 மணி
- கோவை – சிங்கப்பூர்: 3,160 கி.மீ.; நாலரை மணி
- கோவை – பெர்த்: 6,320 கி.மீ.; நேர் விமானம் இருந்தால் எட்டரை மணிக்குள்
- கோவை – லண்டன்: 8,190 கி.மீ.; நேர் விமானம் இருந்தால் பத்தே முக்கால் மணி

முன்னால் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். விமானம் என்றால் மணிக்கு 500 கி.மீ.தான். அதற்கு 800-க்குப் பதில் 450-ஆல் வகுக்கவும். டிக்கெட் எடுக்கும்போதே விமான வகை போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் முதல் வரியில் ஒரு பாடம் இருக்கிறது. சென்னைக்குப் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து பீளமேட்டுக்கு ஒரு மணி, காத்திருப்பு இரண்டு மணி, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து நகருக்குள் போக ஒன்றரை மணி. மொத்தம் ஐந்தரை மணி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை – சென்னை வந்தே பாரத் ரயில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. தூரம் குறையக் குறைய விமானத்தின் லாபமும் கரைந்துவிடும்.

4. நேர்கோடு போகாத வழி

உருண்டையில் நூலைக் கோவைக்கும் லண்டனுக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். மும்பைக்கு மேற்கே அரபிக்கடலைக் கடந்து, பாகிஸ்தானின் பலூசிஸ்தான், பிறகு ஈரான், காஸ்பியன் கடலின் தென்மேற்கு ஓரம், கிரிமியா, உக்ரைன் என்று அது போகும். இந்தப் பெயர்களைச் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் படித்தோம் என்று யோசித்தால் போதும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. வளைகுடாவில் பதற்றம் எழும்போதெல்லாம் ஈரான் வழியும் அடைபடுகிறது. உக்கடம் பாலத்தை அடைத்தால் சுங்கம் சுற்றிப் போகிற மாதிரி விமானமும் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றினால் எரிபொருள் கூடும், நேரம் கூடும், டிக்கெட் விலையும் கூடும்.

இன்னொரு காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பீளமேட்டின் ஓடுபாதை 3 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. முழுப் பாரத்தோடு பத்து மணி நேர எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் எழும்ப அது போதாது. விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் வேலையே பல ஆண்டுகள் இழுத்தது. ஆகவே நாலரை மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்துக்கும் நாம் வழியில் ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும் என்று கணக்கில் வையுங்கள்.

5. காற்றின் கை

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று பலர் கேட்பார்கள். உயரே ஓடும் காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலும் வளைகுடாவின் மேலும் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடும். அதனால் ஷார்ஜாவுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. வித்தியாசம் கால் மணி முதல் அரை மணி வரை இருக்கலாம்.

ஆடி மாதத்தில் கதை மாறும். அம்மியையும் நகர்த்தும் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நம் ஊருக்குள் நுழைவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே நாட்களில், தலைக்கு மேல் 10 கி.மீ.க்கும் உயரத்தில், தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்று ஓடுகிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை இந்திய வானிலை அறிஞர் பி.கோடீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். கீழே ஒரு திசை, மேலே எதிர்த் திசை.

கீழே வீசும் காற்றுக்கும் வேலை உண்டு. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். பீளமேடு ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காக, ஏறக்குறைய கணவாயைப் பார்த்தபடி கிடக்கிறது. அந்தக் கோட்டை நீட்டினால் போத்தனூர் பக்கமாகத்தான் வரும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்களே, அது இதனால்தான்.

6. கடிகாரமும் தேதியும்

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். விடிகாலை 4:00 மணிக்குக் கோவையில் கிளம்பி 6:30-க்கு ஷார்ஜாவில் இறங்குவதாக இருந்தால் இரண்டரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. அப்போது நம் ஊரில் காலை எட்டு மணி. பயணம் நான்கு மணி நேரம். எந்தக் குழப்பம் வந்தாலும் இரண்டு நேரத்தையும் இந்திய நேரமாக்கிக் கழித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பெர்த்தும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கொழும்பில் நம் நேரமேதான். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை மணி பின்னால்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி நள்ளிரவு. என் உறவினர் ஒருவருக்கு 15-ஆம் தேதி 00:40 மணிக்கு விமானம். 15-ஆம் தேதி இரவு சாப்பாடு முடித்து, திருநீறு பூசி, வேன் வைத்து ஏழு பேர் வழியனுப்பப் போனோம். வாயிலில் நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். "இது நேத்து ராத்திரியே போயிருச்சுங்களே" என்றார். பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றும்போது யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். 00:00 முதல் 03:00 வரை எந்த விமானம் இருந்தாலும் காலண்டரில் முந்தின நாளைச் சுழித்து, "இன்று மாலை கிளம்ப வேண்டும்" என்று எழுதிவிடுவோம்.

7. எந்த விமான நிலையம்?

போத்தனூர்க்காரருக்கு மற்ற கோவைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஊர் கேரளச் சாலையையும் கேரள ரயில் பாதையையும் ஒட்டி இருக்கிறது. ஆகவே பீளமேட்டோடு நெடும்பாசேரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

*கொச்சி (நெடும்பாசேரி):* சாலையில் வாளையாறு, குதிரான் சுரங்கம் வழியாக சுமார் 160 கி.மீ. ரயிலில் போனால் அங்கமாலி அல்லது ஆலுவாவில் இறங்கி ஆட்டோ, டாக்சி. எல்லா ரயிலும் போத்தனூரில் நிற்பதில்லை, நிறுத்தம் பார்த்து முன்பதிவு செய்க. நிலையக் குறியீடு பி.டி.ஜே. வளைகுடாவுக்கு நிறைய விமானங்கள் உண்டு. சாலை, ரயில் எதுவானாலும் நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

*பெங்களூர் (தேவனஹள்ளி):* அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் விமான நிலையம் நகருக்கு வடக்கே, நாம் நுழைவது தெற்கே. ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். சாலையில் சுமார் 400 கி.மீ., ஒன்பது மணி நேரம் கையில் வையுங்கள்.

*சென்னை:* இரவு ரயிலில் தூங்கிப்போய் மறுநாள் விமானம் பிடிக்க நல்லது. அதே நாளில் இணைப்பது ஆபத்து.

விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது டாக்சிச் செலவையும், கூட வருபவர் திரும்பும் செலவையும், போகிற ஒரு நாள் கூலியையும் சேர்த்தே பாருங்கள். டிக்கெட்டில் நான்காயிரம் மிச்சம் பிடித்து டாக்சிக்கு ஐந்தாயிரம் கொடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

8. முழுக் கணக்கு: போத்தனூர் – பெர்த்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-லேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. கோயம்புத்தூருக்குக் கிளைப்பாதை வந்தது அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான். ரயில்வே வேலையை ஒட்டி இங்கே வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பலர் 1947-க்குப் பிறகு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் வாரக்கணக்காகப் போன தூரம் அது. இன்று பேரன் பிறந்ததைப் பார்க்க ஒரு பாட்டி தனியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரங்கள் உதாரணத்துக்கு மட்டும்.

நேர்தூரம் 6,320 கி.மீ. நேர் விமானம் இல்லை, சிங்கப்பூரில் மாற வேண்டும். கோவை – சிங்கப்பூர் 3,160, சிங்கப்பூர் – பெர்த் 3,910, ஆக 7,070 கி.மீ. சுற்றியதால் கூடியது 750 கி.மீ., எட்டில் ஒரு பங்கு. கொழும்பையோ வேறு ஊரையோ ஒப்பிடும்போதும் இப்படி இரு துண்டுகளைக் கூட்டி நேர்தூரத்தோடு ஒத்துப் பாருங்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அது மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் உடம்புக்கு மலிவல்ல.

- மாலை 6:15: போத்தனூர் வீட்டை விட்டுக் கிளம்பல்
- இரவு 7:30: பீளமேடு. வெளிநாட்டுக்கு மூன்று மணி முன்னதாக
- இரவு 10:30: புறப்பாடு
- காலை 5:30, சிங்கப்பூர் நேரம்: இறக்கம்
- காலை 9:30: அடுத்த விமானம்
- பிற்பகல் 2:55, பெர்த் நேரம்: இறக்கம். சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டாம்
- மாலை 4:10: குடியேற்றம், பெட்டி, உணவுப் பொருள் சோதனை முடிந்து வெளியே
- மாலை 4:45: மகன் வீட்டு வாசல்

வீட்டை விட்டுக் கிளம்பியபோது பெர்த்தில் இரவு 8:45. ஆகவே வாசலிலிருந்து வாசல் வரை சரியாக 20 மணி நேரம். இரு விமானங்களிலும் இருந்தது ஏறக்குறைய 10 மணி நேரம். மீதிப் பாதி காத்திருந்ததிலும் வரிசையில் நின்றதிலும் காரிலும் போயிற்று. மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அந்த 20 மணி நேரத்துக்குத் திட்டமிட வேண்டும், டிக்கெட்டில் உள்ள பத்துக்கு அல்ல.

சோதனை பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம். கறிவேப்பிலை, பழம், முளைக்கும் விதை எதையும் கொண்டுபோக வேண்டாம். மகனின் முருங்கை ஆசைக்கு விதை மடித்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்பாக மறுத்துவிடுங்கள்.

9. டிக்கெட் எடுக்கும் முன்

1. நேர்தூரத்தையும் மாறிப் போகும் மொத்தத் தூரத்தையும் எழுதி ஒப்பிடுக.
2. ஒவ்வொரு துண்டையும் 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டுக. டிக்கெட் நேரம் இதைவிட மிக அதிகமாக இருந்தால் நடுவில் நிறுத்தம் இருக்கிறதா, சுற்றுவழியா என்று கேட்க.
3. இரு துண்டுகளும் ஒரே முன்பதிவு எண்ணில் உள்ளனவா என்று பார்க்க. ஒரே எண் என்றால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.
4. மாறும் இடத்தில் முதியவர்களுக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுக. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்க.
5. உள்நாட்டு விமானங்களுக்குக்கூட பெட்டி போடும் கவுண்டரைப் பல நிறுவனங்கள் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். புறப்பாட்டு நேரத்தை அல்ல, மூடும் நேரத்தைக் குறிவைத்து வீட்டை விட்டுக் கிளம்புக.
6. நள்ளிரவு விமானமா? காலண்டரில் முந்தின நாளைச் சுழிக்க.
7. மறுமுனையில் அழைக்க வருபவருக்கு இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதோடு ஒன்றேகால் மணி கூட்டி, அவர் ஊர் நேரத்தில் சொல்க.

தாளில் கடைசி வரியாக இரண்டே நேரங்களை எழுதுங்கள்: நம் வாசலில் செருப்பு மாட்டும் நேரம், அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம். அந்தத் தாளின் ஒரு பிரதியைப் பயணியின் கைப்பையிலும் இன்னொன்றை வீட்டு ஃபிரிஜ் கதவிலும் ஒட்டி வையுங்கள். "இந்நேரம் எங்க பறந்துட்டு இருப்பாங்க?" என்று ராத்திரி யாராவது கேட்டால் விரல் வைத்துக் காட்டலாம்.